கேஸ்ட்ரோ ஓ.பி.யில் நீங்கள் மறக்காத நோயாளி யார்?

கடலூர் ஹவுஸ் சர்ஜன்:
எம்.டி. சேரும் முன்பே கேஸ்ட்ரோ ஓ.பி.யில், அதாவது வயிறு, குடல், கல்லீரல் நோய்களுக்கான புறநோயாளிப் பிரிவில், உட்கார்ந்தவர்கள் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்து அம்மா, மீன் கூடை தூக்குகிறவர். சீட்டில் 'கேஸ் ட்ரபிள்' என்றுதான் இருந்தது. முட்டிவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் (வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய வலி மாத்திரை) வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டால், "சத்து மாத்திரை போடுறேன்ல தம்பி, அதான்" என்கிறார். சார் என்னைப் பார்த்து, "பி.ஆர். பண்ணு" என்றார், ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. கையுறை விரலில் தார் மாதிரி பிசுபிசுப்பு, பளபளப்பு. அந்த வாடை புத்தகத்தில் கிடையாது. இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுக்கும், ஆனால் இப்படி ஒட்டாது, நாறாது. இது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். சார் கையுறையை ஒரு பார்வை பார்த்தார், அடுத்த நோயாளியைக் கூப்பிடவேயில்லை. நாடி, பி.பி. பார்த்து ரத்தத்துக்கு எழுதி அன்றே எண்டோஸ்கோபிக்கு அனுப்பினார். இரைப்பையில் அல்சர்.

கோரிமேடு ஜூனியர்:
ஜிப்மர் ஓ.பி. கூட்டம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஒரு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) நோயாளியின் மனைவிதான் இன்னும் மனசில் நிற்கிறார். கணவருக்குப் பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழிப்பு. கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னேன். ஒரு நொடி நின்றது, சடக்கென்று விழுந்தது, திரும்ப எழுந்தது. கல்லீரல் கெட்டு மூளை பாதிக்கப்படும்போது கை இப்படி விழுவதைத்தான் ஃப்ளாப் என்பார்கள், அதை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒரு நட்சத்திரம் வரையச் சொன்னால் கோடுகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. லாக்டுலோஸ் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். "அந்த சிரப்பு குடிச்சா வயித்தால போகுது, மனுஷன் துவண்டுடுறாரு, அதான் நிறுத்திட்டேன்." அக்கறையில்தான் நிறுத்தியிருக்கிறார். சீனியர் அக்கா என்னையே விளக்கச் சொன்னார். நாளைக்கு 2, 3 தடவை இளக்கமாகப் போகத்தான் அந்த மருந்து, மலம் கட்டினால் அம்மோனியா மூளையைப் பாதிக்கும், அதற்கு மேல் போனால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. முதல் சீட்டு எழுதிக் கொடுத்தபோது இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

சாரம் டாக்டர்:
கடலூர் தம்பி, டைக்ளோஃபெனாக் என்று கேட்டதுமே பாதி விடை வந்துவிட்டது. அதை விட்டுவிட்டுக் கையுறையை மட்டும் கொண்டாடாதே. அந்த அம்மாவிடம் சம்மதம் கேட்டாயா, பக்கத்தில் சிஸ்டர் இருந்தாரா? அதை எழுதவேயில்லை.

அப்புறம், இதைப் படிப்பவர்களில் அமெரிக்க ரெசிடென்சிக்கு (அங்குள்ள மேற்படிப்புப் பயிற்சிக்கு) தயாராகிறவர்களும் இருப்பீர்கள். அதற்கு எழுதும் ஸ்டெப் 1 தேர்வில் 2022 ஜனவரியிலிருந்து மார்க் கிடையாது, பாஸ் ஃபெயில் மட்டும்தான். அதனால் அங்குள்ள டாக்டர் தரும் சிபாரிசுக் கடிதத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் அப்சர்வர்ஷிப் என்றால் பார்க்கலாம், நோயாளியைத் தொட முடியாது. 'ஹேண்ட்ஸ்-ஆன்' என்று சொல்லிப் பணம் கேட்டால் கட்டும் முன் கேளுங்கள்: ஹிஸ்டரி நானே எடுப்பேனா, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேனா, கேஸ் பிரசன்ட் பண்ணுவேனா, இன்சூரன்ஸ் யார் பொறுப்பு, என் விசாவில் இதற்கு அனுமதி உண்டா? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். படிக்கும்போதே எலெக்டிவ் (மாணவராகவே அங்கே செய்யும் பயிற்சி) போக முடிந்தால் அதுதான் நல்லது, பட்டம் வாங்கிய பிறகு தொட விடும் இடங்கள் குறைவு.

அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த அனுபவம் சின்னதுதான். ஒரு தொந்தரவும் இல்லாத ஆள், 45 வயசாகிவிட்டது என்று கொலனோஸ்கோபிக்கு (பெருங்குடலில் குழாய் விட்டுப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு) நாள் குறிக்க வந்திருந்தார். அங்கே அதுதான் ஸ்கிரீனிங் தொடங்கும் வயசு. நம்மூரில் ரத்தம் போன பிறகுதான் வருகிறார்கள்.

வில்லியனூர் பி.ஜி.:
சாரம் அண்ணா, இங்கே கேட்டது நோயாளியைப் பற்றி. என்னிடம் வந்தது ஒரு பிளஸ் டூ பெண். மலச்சிக்கல், வயிற்று வலி, ஸ்கேன் எல்லாம் நார்மல். அம்மாவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். பள்ளிக்கூடக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், காலையிலிருந்து அடக்கிக்கொண்டே இருப்பாளாம், தண்ணீரும் குடிக்க மாட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கடலூர் ஹவுஸ் சர்ஜன்:
சாரம் அண்ணா, சம்மதம் கேட்டுத்தான் செய்தேன், சிஸ்டர் திரையை இழுத்துவிட்டுக் கூடவே நின்றார். அந்த அம்மாவுக்குப் பயாப்சியில் எச். பைலோரி (அல்சர் உண்டாக்கும் கிருமி) இல்லை என்று வந்தது. ரத்தம் கசியும்போது எடுத்தால் அந்த முடிவை நம்ப முடியாது என்று சார் சொன்னார். அல்சர் ஆறியதும் அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோலை 2 வாரம் நிறுத்திவிட்டு மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். கடலூரிலோ புதுச்சேரியிலோ அது குறைந்த செலவில் எங்கே நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.