'சாவி' எங்கிருந்து வந்தது?

கேள்வி: 'சாவி' தமிழ்ச் சொல்லா? இந்தியிலும் 'சாபி' என்கிறார்களே, அங்கிருந்து வந்ததா?

பதில் 1: இரண்டுக்கும் மூலம் போர்த்துகீசிய 'சாவெ'. அதன் தாய் லத்தீன் 'கிளாவிஸ்'. லத்தீனில் சொல் தொடக்கத்து 'க்ல' போர்த்துகீசியத்தில் 'ச' ஆகும், இத்தாலியனில் 'க்ய': 'க்யாவெ'. ஸ்பானியத்தில் 'யாவே'. இவற்றில் பிரெஞ்சு மட்டும் 'க்லே' என்று பழைய ஒலியை விடவில்லை. 'அழை' என்னும் 'கிளாமாரே'யும் இதே வழியில் 'சமார்', 'க்யமாரே', 'யமார்' ஆயிற்று. மராத்தியில் 'வ' அப்படியே 'சாவீ'. இந்தியில் அது 'ப'.

பதில் 2: தமிழில் திறவுகோல் உண்டு. மலையாளத்தில் தாக்கோல், இலங்கைத் தமிழில் திறப்பு.

கேட்டவர்: அப்போ 'நெல் சாவியாப் போச்சு'?

பதில் 1: அது வேறு சொல். மணி பிடிக்காத பதர். 'சா' என்ற வினையடி. அகராதியில் இரண்டையும் ஒரே பதிவில் கலந்துவிடாதீர்கள்.