கர்ப்ப காலத்தில் இடுப்பு எலும்பு நோ: பிசியோவிடம் போன பிறகு நடந்தது

கோண்டாவிலில் இருந்து:

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு வந்தது வழமையான நாரி நோ இல்லை. நாரி நோ எனக்குத் தெரியும், மூத்தவனைச் சுமந்தபோது பட்டிருக்கிறேன். இது முன்பக்கம். அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு எலும்பும் வந்து சேருகிற இடத்தில். ஒரு காலைத் தூக்கினால் போதும், அந்த இடத்தில் கீறிவிட்ட மாதிரி இருக்கும். சில நேரம் நடக்கும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் எனக்கே கேட்கும்.

22ஆவது கிழமை. நல்லூர் கொடியேறி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மூத்தவனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிவீதி மணலில் ஒரு சுற்று வந்தேன். கால் புதையப் புதைய இழுத்து நடந்தேன். அன்றிரவு படுக்கையில் புரள முடியவில்லை. இடப்பக்கம் படுத்திருந்தவள் வலப்பக்கம் திரும்புவதற்கு இவரை எழுப்ப வேண்டியிருந்தது. அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார், தோள் போனது, இடுப்பு வரவில்லை. நான் கத்தின கத்தில் பக்கத்து அறையில் இருந்து அம்மா ஓடி வந்துவிட்டார்.

அடுத்த கிளினிக்கில் சொன்னேன். “பிள்ளை வளருது, அப்பிடித்தான் இருக்கும்” என்று பனடோல் எழுதித் தந்து அனுப்பினார்கள். வீட்டில் மாமியும் அதைத்தான் சொன்னார்: “பிள்ளைத்தாய்ச்சிக்கு நோகாமல் இருக்குமே?” மாமி அன்பில் சொன்னது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வசனத்தை நம்பி நான் ஐந்து கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இதை எழுதுவதே அதற்காகத்தான். அந்த ஐந்து கிழமையை உங்களில் யாரும் இழக்கக் கூடாது.

நான் படிப்பிக்கிற ஆள். என் வகுப்பு மேல்மாடியில். முழுச் சம்பளத்தோடு கிடைக்கிற பிரசவ லீவு 84 வேலைநாள், அதைப் பிள்ளை பிறக்க முதலே கரைக்க மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் படியேறினேன். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது என்னை அறியாமலே ஒரு காலில் பாரத்தைக் கொடுத்துச் சாய்ந்து நிற்பேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் ஸ்கூட்டியை ஸ்டாண்டில் போடவே பலம் இருக்காது.

கண்டுபிடித்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். வீட்டுக்குப் பார்க்க வந்தவருக்குப் படலை திறக்க நான் முற்றத்தால் நடந்து போனதைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று கேட்டார்: “என்ன தங்கச்சி, தாரா மாதிரி நடக்கிறீர்? எத்தினை நாளா?” சொன்னேன். “இதுக்குப் பிசியோ இருக்கு. டொக்டரிட்டைக் கேட்டுக் கடிதம் வாங்கும்” என்றார். அதுவரை பிசியோ என்றால் பாரிசவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு இருப்பது தெரியும், ஆனால் கர்ப்பிணியாக அந்தப் பக்கம் போகலாம் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

நான் பார்த்த பிசியோ மிஸ் எடுத்த எடுப்பில் என்னைத் தொடவே இல்லை. கதிரையால் எழும்பச் சொன்னார், நடக்கச் சொன்னார், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை, கால் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு அவர் என் இடுப்பு எலும்பின் இரண்டு பக்கமும் கையை வைத்து உள்நோக்கி அமத்திப் பிடித்துக்கொண்டு, “இப்பத் தூக்கும்” என்றார். கால் தூக்குப்பட்டது. அந்த நிமிடம்தான் எனக்கு விஷயம் விளங்கியது.

இரண்டு கையையும் வளையம் போல் கோத்துக் காட்டிச் சொன்னார். இடுப்பு எலும்பு ஒரு வளையம். பின்னால் இரண்டு மூட்டு, முன்னால் ஒன்று. முன் மூட்டில் சாதாரணமாகவே 4, 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும், கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீற்றர் கூடும். ரிலாக்சின் போன்ற ஹோர்மோன்கள் மூட்டுகளைப் பிடித்திருக்கிற சவ்வுகளை இளக்குவது பிள்ளை வெளியே வருவதற்காக. இளகுவது பிழை இல்லை. ஒரு பக்கம் கூட அசைந்து மற்றப் பக்கம் இறுகி நின்றால், அல்லது சுற்றியிருக்கிற தசைகள் அந்த மூட்டுகளைத் தாங்கப் போதாமல் போனால்தான் நோ. கர்ப்பிணிகளில் 5 பேரில் ஒருவருக்கு வருகிறதாம். “பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. உமக்குத்தான் கஷ்டம். அதைக் குறைக்கலாம்” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். அவர் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்தார், அவசரப்படுத்தவில்லை.

அன்று முதலில் பழக்கியது பயிற்சி அல்ல, கட்டிலில் திரும்புவது. இரண்டு முழங்காலையும் மடக்கி, ஒட்டி, நடுவில் தலையணையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே மரக்குற்றி போல் சேர்ந்து உருள வேண்டும். நாங்கள் வீட்டில் செய்தது நேர் எதிர், தோள் முதலில், இடுப்பு பிறகு. அங்கே மூன்று தரம் உருண்டு பார்த்தேன். மூன்றாவது தரம் நோகவில்லை என்றே சொல்லலாம். வழுக்குகிற துணியில் இரவு உடுப்புப் போட்டால் இன்னும் சுகம் என்றார், அதுவும் உண்மை.

பிறகு என் நாளை விடியலில் இருந்து படுக்கும்வரை கேட்டார். பள்ளிக்கூடத்துக்குச் சீலை கட்டுகிறேன் என்றதும், “உள்பாவாடையை எப்பிடிப் போடுறீர்?” என்று கேட்டார். நின்றபடி ஒரு காலைத் தூக்கித்தான். “தலையால போடும். இல்லாட்டிக் கட்டில்ல இருந்து போடும்.” இவ்வளவுதான். ஐந்து கிழமையாக ஒவ்வொரு விடியலிலும் என்னை அழ வைத்த விஷயம் மறுநாள் இல்லாமல் போனது.

திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவது, கிணற்றடியில் குந்தி உடுப்புத் தோய்ப்பது, ஒரு கையில் தண்ணீர் வாளி, எல்லாம் நிறுத்தச் சொன்னார். தேங்காயை இவர் பொறுப்பெடுத்தார், உடுப்பை அம்மா. படியேறும்போது நோகாத கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர வேண்டும். ஸ்கூட்டியை விட்டு ஓட்டோவில் போனேன், முதலில் சீட்டில் இருந்து, பிறகு இரண்டு காலையும் ஒட்டியபடி உள்ளே எடுப்பது. அதிபரிடம் கேட்டேன், அந்தக் கிழமையே வகுப்பைக் கீழே மாற்றித் தந்தார். முதலே கேட்டிருக்கலாம்.

பயிற்சிகள் சின்னவை. கதிரையில் இருந்து முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்து 5 விநாடி மெல்ல அமத்தி விடுவது, 10 தரம். சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல் அடித்தளத் தசையைச் சுருக்கி விடுவது. கையும் முழங்காலும் ஊன்றி, மூச்சை அடக்காமல் வயிற்றை மேலே இழுப்பது. மல்லாந்து நெடுநேரம் கிடக்க வேண்டாம் என்றார். இடுப்புப் பட்டியும் தந்தார், வயிற்றைச் சுற்றி அல்ல, அதற்குக் கீழே, தொடை தொடங்குகிற இடத்தோடு சேர்த்துக் கட்டுவது. எங்கள் வெக்கைக்கு நேரே தோலில் கட்டினால் வேர்க்குரு போட்டுவிடும், மெல்லிய பருத்தித் துணிக்கு மேல் கட்டினேன், படுக்கும்போது கழற்றிவிட்டேன்.

நோ முழுதாகப் போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு கிழமையில் இரவு நித்திரை திரும்பி வந்தது. கடைசி மாதம்வரை படிப்பித்தேன்.

பருத்தித்துறையில் இருந்து:

அக்கா, எனக்குப் பின்பக்கம். வலப் பக்கப் பிட்டத்துக்கு மேலே குழி விழுகிற இடத்தில் தொடங்கித் தொடைவரை இழுத்தது. உங்களுக்குச் சரிவந்த தலையணைப் பயிற்சி எனக்கு நோவைக் கூட்டியது. பிசியோ அதை உடனே நிறுத்தி, சரிந்து படுத்துச் செய்கிற வேறு பயிற்சி தந்தார். அதனால் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் பார்த்துச் செய்யாமல் நேரே போய்க் காட்டுங்கள். கடைசிக் காலத்தில் நடக்க ஊன்றுகோல் தந்தார்கள். ஊருக்குள் அதோடு போக முதலில் கூச்சமாக இருந்தது, ஆனால் பிள்ளைக்கு உடுப்பு வாங்கக் கடைக்குப் போனதே அதனால்தான்.

ஒன்று சேர்க்க வேண்டும். பிரசவத்துக்கு முதல், நோகாமல் முழங்கால்களை எவ்வளவு அகட்டலாம் என்று பிசியோ அளவு நாடாவால் அளந்து அட்டையில் எழுதித் தந்தார். பிரசவ அறையில் அதை நான் காட்டினேன். இரண்டு காலையும் ஒன்றாகத்தான் தூக்கினார்கள், ஒன்றாகத்தான் இறக்கினார்கள். ஊசி போட்டு மரத்திருந்தால் அளவு தாண்டுவது எங்களுக்கே தெரியாதாம், அதனால் முதலே சொல்லி வைப்பது முக்கியம். சுகப்பிரசவம்தான். இந்த நோ இருந்தால் கட்டாயம் வெட்டித்தான் எடுப்பார்கள் என்று என்னைப் பயப்படுத்தியவர்கள் நிறையப் பேர்.

சாவகச்சேரியில் இருந்து:

நானும் இதே நோ என்று நினைத்துத்தான் போனேன். பிசியோ கேட்ட கேள்விகளில் ஒன்று, சலம் போகும்போது எரிகிறதா என்று. எரிந்தது, முதல் நாள் குளிரும் காய்ச்சலும் இருந்தது. பயிற்சி ஒன்றும் தராமல் அப்படியே டொக்டரிடம் திருப்பி அனுப்பினார். சலத்தில் கிருமித்தொற்று. மருந்து எடுத்ததும் அடிவயிற்று நோ போய்விட்டது. இரத்தம் படுதல், தண்ணீர் போதல், விட்டு விட்டு ஒழுங்காக இழுத்துப் பிடித்தல், பிள்ளையின் துடிப்புக் குறைதல், இவை இருந்தால் பிசியோவுக்கு நாள் பார்த்துக்கொண்டு இருக்காமல் நேரே வாட்டுக்கு வரச் சொன்னார்.

கோண்டாவிலில் இருந்து:

சாவகச்சேரித் தங்கச்சி சொன்னது என் பதிவில் விட்டுப்போன விஷயம், நன்றி. மருந்து பற்றியும் ஒன்று: பனடோல் கூட டொக்டர் சொன்ன அளவில்தான் எடுத்தேன். வீட்டில் கிடந்த இபுபுறொபென்னை எடுக்கப் பார்த்தேன், கர்ப்பத்தில் டொக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம் என்று மிஸ் தடுத்துவிட்டார்.

பிறந்த பிறகு என்ன ஆனது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பிள்ளை பிறந்த அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன், ஆகவில்லை. முதல் கிழமைகளிலேயே பெருமளவு குறைந்தது, மிச்சம் மெல்ல மெல்லத்தான் போனது. பயிற்சியை விடாமல் செய்தேன். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது மூத்தவனைத் தூக்க முடியாததுதான். நாலு வயது, இடுப்பில் ஏறி இருந்தே பழகியவன். ஒரு பக்க இடுப்பில் பாரம் வைக்க வேண்டாம் என்று மிஸ் சொன்னதால், நான் கதிரையில் இருந்துகொண்டு அவனை மடியில் ஏறச் சொல்வேன். கொஞ்ச நாள் கோபித்துக்கொண்டான், பிறகு தானே வாங்கைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் இருக்கத் தொடங்கினான்.

சின்னவளுக்கு இப்போது ஐந்து மாதம். போன கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு அலுவலாகப் போனபோது மேல்மாடிக்கு ஏறினேன். பாதிப் படி வந்த பிறகுதான் கவனித்தேன், கால் மாற்றிக் கால் வைத்து ஏறிக்கொண்டு இருக்கிறேன்.