காரைக்குடி ஐஓபி முதல் கிளை: பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே. ஒரு சின்ன உதவி.

1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் தொடங்கியது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். மற்ற இரண்டும் துறைமுகப் பட்டணங்கள். நடுவில் நம்ம ஊர்! பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்து பொருளீட்டப், போனவர்களின் பணம் திரும்பி வந்த இடமாயிற்றே.

எங்கள் ஐயா ரங்கூனில் பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பையன்) சேர்ந்து அடுத்தாள் (கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த பொறுப்பு) வரை போனவர். அவர் பெட்டகத்தில் ஒரு பாஸ்புக் கிடைத்தது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது; ஊதா முத்திரையில் 'காரைக்குடி' மட்டும் தெரிகிறது. கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த வங்கிக்குள் போவாராம், அப்பத்தா சொல்லிச் சிரிப்பார்.

1969இல் நாட்டுடைமை ஆவதற்கு முன் அந்தக் கிளை எந்தத் தெருவில், யார் வீட்டில் நடந்தது? இப்போது அங்கே என்ன இருக்கிறது? படம், வாடகைச் சீட்டு எதுவானாலும் சரி. கல்யாண ஊர்வலப் படத்தில் ஓரமாகப் பெயர்ப்பலகை தெரிந்தாலும் போதும். அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வருகிறேன். ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம், அப்படியே போனில் எடுத்து அனுப்புங்கள்.