தமிழ்நாட்டு நகரங்களும் தர–அளவு விதியும்: திருப்பூர் 5-ஆவதா, 8-ஆவதா?

கேள்வி: தேன்மதி

முதுகலைப் புவியியல் செய்முறைக்காக, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தர–அளவு விதியை (2-ஆம் இடத்து நகரம் முதல் நகரத்தில் பாதி, 3-ஆம் இடத்து நகரம் மூன்றில் ஒரு பங்கு என்று போவது) தமிழ்நாட்டுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். பெரியதிலிருந்து அடுக்கினால் சென்னை 46.5 லட்சம், கோவை 10.5, மதுரை 10.2, திருச்சி 8.5, சேலம் 8.3, திருநெல்வேலி 4.74, அம்பத்தூர் 4.66, திருப்பூர் 4.44 என்று வருகிறது. வேறு இடங்களில் திருப்பூரை 5-ஆம் இடத்தில் போட்டிருக்கிறார்கள். எந்தப் பட்டியலை எடுப்பது? விதிப்படி கோவை சென்னையில் பாதி இருக்க வேண்டும், கால்வாசிகூட இல்லை. அப்படியானால் தமிழ்நாட்டுக்கு விதி பொருந்தவில்லை என்று எழுதி முடித்துவிடலாமா?

பதில்: நிலவரை

எழுதி முடிக்க வேண்டாம், சுவையான இடமே இனிமேல்தான் வருகிறது. முதலில் பட்டியல். நீங்கள் எடுத்தது மாநகராட்சி, நகராட்சி எல்லைப்படியான எண்கள். கணக்கெடுப்பு நடந்தது 2011 பிப்ரவரியில். சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். அதனால்தான் இடைவெளியே இல்லாமல் சென்னையோடு ஒட்டிக் கிடக்கும் அம்பத்தூர் உங்கள் பட்டியலில் தனி ஊராக நிற்கிறது. திருப்பூரிலும் அப்படித்தான். 15 வேலம்பாளையமும் நல்லூரும் அப்போது தனி நகராட்சிகள். பனியன் கம்பெனி எந்த வார்டில் இருக்கிறது என்று பார்த்தா ஆட்கள் குடியேறினார்கள்? பழைய எல்லைக்குள் 4.4 லட்சம், ஊர் உண்மையில் பரவியிருக்கும் அளவுக்கு எடுத்தால் 9.6 லட்சம்.

எடுக்க வேண்டியது நகரத் திரள் அட்டவணை, அதாவது நகரத்தையும் அதோடு ஒட்டிப் பரவிய ஊர்களையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியது. கணக்கெடுப்பில் பெயருக்குப் பக்கத்தில் யூ.ஏ. என்று போட்டிருக்கும். அதில் இப்படி: சென்னை 86.5, கோவை 21.4, மதுரை 14.7, திருச்சி 10.2, திருப்பூர் 9.6, சேலம் 9.2 (எல்லாம் லட்சத்தில்). ஒன்றில் கவனம் வேண்டும். அதே அட்டவணையில் திரளுக்குக் கீழே அதன் உறுப்பு ஊர்களும் வரிசையாக வரும். அப்படியே எக்செலில் ஒட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் ஆவடியும் பல்லாவரமும் இரண்டாம் முறை எண்ணப்பட்டு நடுவில் புகுந்துவிடும். உறுப்பு வரிகளை முதலில் நீக்குங்கள். திரளில் சேராத தனி நகரங்கள் மட்டும் அவற்றோடு இருக்கட்டும்.

இப்போது விதி. சென்னையைத் தர எண்ணால் வகுத்தால் கோவைக்கு 43.3, மதுரைக்கு 28.8, திருச்சிக்கு 21.6, திருப்பூருக்கு 17.3, சேலத்துக்கு 14.4 லட்சம் வர வேண்டும். எல்லாமே குறைகின்றன. இரு நகரக் குறியெண் (முதல் நகரம் ÷ இரண்டாவது) 4. விதிப்படி 2 தான். நான்கு நகரக் குறியெண், அதாவது முதல் நகரத்தை அடுத்த மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், 1.87, விதிப்படி 0.92. 1939-இல் அமெரிக்கப் புவியியலாளர் மார்க் ஜெபர்சன் முதன்மை நகரம் என்று பெயர் வைத்தது, ஒரே நகரம் மற்றவற்றை வெகுவாக விஞ்சி நிற்கும் இந்த அமைப்புக்குத்தான்.

ஆனால் சென்னையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கோவையை 1 என்று கொண்டு மறுபடி போட்டுப் பாருங்கள். மதுரைக்கு 10.7 வர வேண்டும், இருப்பது 14.7. திருச்சிக்கு 7.1, இருப்பது 10.2. திருப்பூருக்கு 5.3, இருப்பது 9.6. சேலத்துக்கு 4.3, இருப்பது 9.2. எல்லாமே மிஞ்சுகின்றன! தலை கனத்திருக்கிறது, அதற்குக் கீழே நகரங்கள் விதி சொல்வதைவிடச் சமமாக இருக்கின்றன. நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில் கோவைப் பக்கத்துக்கு ஆலைகளைக் கொண்டுவந்தது. திருப்பூரில் பின்னலாடை, ஈரோட்டில் ஜவுளிச் சந்தை என்று தொழில் ஒரே ஊரில் குவியாமல் பிரிந்து நின்றது. செய்முறை ஏட்டில் இந்த இரண்டு கணக்கையும் பக்கம் பக்கமாக வையுங்கள். ‘பொருந்தவில்லை’ என்ற ஒரு வரியை விட அது எவ்வளவோ மேல்.

பதில்: மடக்கைப்பிரியன்

அட்டவணையோடு நிறுத்தாமல் லாக் (மடக்கை) வரைபடம் போடப்போகிறீர்கள் என்றால் மூன்று இடங்களில் சறுக்கும்.

எந்த அச்சில் எது என்பதை முதலில் எழுதி வையுங்கள். ஒய் அச்சில் தரத்தின் லாக், எக்ஸ் அச்சில் மக்கள்தொகையின் லாக் என்றால், சாய்வின் அளவு 1-ஐ விடக் கூடினால் நகரங்கள் சமமாக இருக்கின்றன என்று பொருள். அச்சை மாற்றிப் போட்டால் பொருளும் தலைகீழாகும். விடைத்தாள்களில் இதைத்தான் அதிகம் தப்பாக வாசிக்கிறார்கள்.

அடுத்து, தரத்தை அப்படியே போடாமல் அதிலிருந்து 0.5 கழித்து லாக் எடுங்கள். கழிக்காவிட்டால், நகரங்கள் குறைவாக இருக்கும்போது சாய்வு இருப்பதை விடக் குறைத்துக் காட்டும். எக்செல் காட்டும் திட்டப்பிழையையும் (சாய்வு எவ்வளவு தள்ளிப் போயிருக்கலாம் என்ற அளவு) நம்பாதீர்கள், மிகவும் சிறியதாக வரும். சாய்வை, 2 ÷ நகரங்களின் எண்ணிக்கை என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள், வருவதுதான் சரியான திட்டப்பிழை. மேலே உள்ள 6 நகரங்களை மட்டும் எடுத்தால் அது சாய்வில் 58 சதவீதம். அதாவது சாய்வு 1 என்று வந்தாலும் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மைச் சாய்வு இருக்கக்கூடிய எல்லை) பூஜ்யத்துக்குக் கீழே தொடங்கி 2-ஐத் தாண்டிப் போகும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 50 நகரங்கள் எடுத்தால் 20 சதவீதமாகக் குறையும்.

எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். 2011-இல் தமிழ்நாட்டின் 1,097 நகரங்களில் 376 சென்சஸ் டவுன்கள். 5,000 பேர், முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதம் வேளாண்மை அல்லாத வேலை, சதுர கி.மீ.க்கு 400 பேர் என்ற மூன்று நிபந்தனைகளால் ஊராட்சியாக இருந்தும் நகரக் கணக்கில் வந்தவை. கீழ்மட்டத்தில் எந்த ஊர் பட்டியலுக்குள் வருகிறது என்பதை இந்த நிபந்தனைகளே தீர்மானிக்கின்றன. ஆகவே 50,000-க்குக் கீழே இறங்காதீர்கள்.

பதில்: வடகரை

இலங்கைக்குச் செய்து பார்த்தால் எல்லைப் பிரச்சினை இன்னும் நல்லா விளங்கும். 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாநகர சபை 5.6 லட்சம், அடுத்தது கடுவெல 2.5 லட்சம். இரு நகரக் குறியெண் 2.2 தான், ஏதோ சுமாரான முதன்மை போலத் தெரியும். ஆனால் கடுவெலயும், அதற்கு அடுத்த தெகிவளை–கல்கிசையும் கொழும்போடு ஒட்டினவை. கண்டி ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, யாழ்ப்பாணம் அதையும் விடக் குறைவு. இன்னொன்றும் இருக்கு. 1987-இல் சிறு நகரங்களின் பட்டின சபைகளைக் கிராமப்புறப் பிரதேச சபைகளோடு சேர்த்தபிறகு, மாநகர சபையும் நகர சபையும் மட்டும்தான் நகரக் கணக்கில் வருது. அதனாலதான் நாட்டின் நகர மக்கள் 18 சதவீதம் என்று வருகுது. இந்தியாவோடு ஒப்பிடப் போறீங்கள் என்றால் இதைக் குறிப்பிடாமல் விடவேண்டாம்.

தேன்மதி:

திரள் அட்டவணையில் மாற்றிப் போட்டுவிட்டேன், மிக்க நன்றி. ஒரு சந்தேகம். ஜெபர்சன் நாட்டைத்தானே வைத்துப் பேசினார்? மாநில அளவில் முதன்மை என்று சொல்வது சரியா?

பதில்: நிலவரை

சரியான கேள்வி. இந்தியா முழுவதற்கும் போட்டால் மும்பை 184, டெல்லி 163, கொல்கத்தா 141, சென்னை 86.5 லட்சம். இரு நகரக் குறியெண் 1.1, நான்கு நகரக் குறியெண் 0.47. முதன்மை என்ற பேச்சே இல்லை. மாநிலத்துக்குச் சொல்லலாம், ஆனால் மாநிலம் மூடிய பெட்டி இல்லை. சென்னை வளர்ந்தது மதராஸ் மாகாணத்தின் தலைநகராக. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது, 1956-இல் மலபார் கேரளத்துக்குப் போனது. நகரம் அப்படியே நிற்க, கீழே இருந்த நிலம் சுருங்கியது. எல்லையோரத்தைப் பாருங்கள்: ஓசூர்க்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்கோ விமானத்துக்கோ 40 கி.மீ. தள்ளி பெங்களூருக்குத்தான் போவார், 300 கி.மீ. தாண்டிச் சென்னைக்கு வரமாட்டார். புதுச்சேரித் திரள் 6.6 லட்சம். நிலத்தில் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் பக்கத்தில் இருந்தும் உங்கள் பட்டியலில் அது இல்லை. சேர்த்தால் சேலத்துக்கு அடுத்து 7-ஆம் இடத்தில் உட்காரும், 5.2 லட்சத்தோடு இருக்கும் ஈரோடு 8-க்கு இறங்கும். சேர்த்தும் சேர்க்காமலும் இருமுறை போட்டு, எந்த எல்லைக்குள் கணக்கிட்டீர்கள் என்பதை வரைபடத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.