மறுமொழி: ‘ஏசின்க்ரனஸ்’ தொடர்பாடல் – இருபொழுதா, வேறுபொழுதா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ‘ஏசின்க்ரனஸ்’ என்பதற்குத் தமிழாகப் போன வாரம் நான் முன்வைத்த ‘இருபொழுதுத் தொடர்பாடல்’ என்ற சொல்லுக்கு வந்த மறுப்புகளை ஒன்றுவிடாமல் படித்தேன். அவற்றில் இரண்டு சரியான மறுப்புகள். அதனால் சொல்லையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, பிரச்சினை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சொல்பவரும் கேட்பவரும் ஒரே சமயத்தில் கலந்துகொண்டால் அது சின்க்ரனஸ். ஒருவர் சொல்லி வைத்துவிட்டுப் போக, மற்றவர் தமக்கு வாய்க்கும்போது படித்தாலோ கேட்டாலோ அது ஏசின்க்ரனஸ். கணினி நூல்களில் ‘ஒத்திசைவான, ஒத்திசைவற்ற’ என்றும் ‘ஒத்தியங்கு, ஒத்தியங்கா’ என்றும் எழுதி வருகிறோம். மின்சுற்றுக்கு அவை பொருந்தும். அங்கே கடிகாரத் துடிப்புக்கு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. மனிதர்கள் பேசிக்கொள்வதற்கு அதே சொற்களைத் தூக்கிவந்தால்தான் தொல்லை. தொடர்பாடல் வரலாறு பற்றிய ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘கடிதம் ஓர் ஒத்திசைவற்ற தொடர்பு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, “எழுதிக்கொண்ட இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லையா?” என்று கேட்டாள். தமிழ் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

> நேருக்கு நேர் பேசுவதுதான் இயல்பு. கடிதம் அதற்கு மாற்று. இல்லாததை ‘அற்ற’ என்று சொல்வதில் என்ன குறை, ஐயா?

குறை இருக்கிறது. கடிதத்தில் பேச்சின் ஏதோ ஒன்று இல்லாமல் போனது உண்மை. ஆனால் பேச்சில் இல்லாத ஒன்று அதில் வந்து சேர்ந்தது. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன், பண்டைய மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் களிமண் பலகையில் எழுதிய கடிதங்களைப் பாருங்கள். ‘இன்னாருக்குச் சொல்: இன்னார் கூறுவது இது’ என்றுதான் அவை தொடங்கும். ‘சொல்’ என்ற அந்த ஏவல் யாருக்கு? எடுத்துப்போய் வாசித்துக் காட்டுகிறவருக்கு. எழுத்து அப்போதும் தூதர் வாயிலிருந்து முழுசாகப் பிரியவில்லை. இன்றைய துருக்கியில் உள்ள கனேஷ் என்ற பழைய நகரில் அசீரிய வணிகர்களின் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சில கடிதங்களுக்கு உறையும் களிமண்தான். அதை உடைத்தால்தான் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். எழுதியவர் சொன்ன பொழுது அந்த உறைக்குள் மூடிக் கிடக்கிறது, பெறுபவர் கை உடைக்கும்வரை.

ரோமானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். லத்தீன் கடிதங்களில் ‘எழுதுகிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எழுதிக்கொண்டிருந்தேன்’ என்று இறந்தகாலத்தில் எழுதும் வழக்கம் உண்டு. ரோமானிய அரசியலாளரும் எழுத்தாளருமான சிசெரோவின் கடிதங்களில் இதைப் பார்க்கலாம். படிப்பவர் கைக்குக் கடிதம் போய்ச் சேரும்போது எழுதிய கணம் பழையதாகியிருக்கும் அல்லவா? அதனால் எழுதுபவர் தன் பொழுதை விட்டு எழுந்துபோய், படிப்பவரின் பொழுதில் நின்றுகொண்டு வினைமுற்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு மொழியின் இலக்கணமே இதற்காக வளைந்துகொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்றுதான் ‘பொழுது’ என்ற சொல் எனக்குப் பிடிபட்டது. இதற்கு ‘அற்ற’ என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, ‘இருபொழுது’ ஏன் தோற்றது?

> நூறு பேர் உள்ள குழுவில் ஒரு செய்தி போடுகிறேன். நூறு பேரும் நூறு நேரத்தில் படிக்கிறார்கள். எங்கே இரண்டு?

> ‘இருபொழுதும்’ என்றால் காலையும் மாலையும். அதன் இணையாக ‘ஒருபொழுது’ வைத்தால் விரதம் என்று ஆகிவிடும்!

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆகவே எண்ணைக் கைவிட்டுவிட்டேன். இப்போது என் முன்மொழிவு:

உடன்பொழுதுத் தொடர்பாடல் – சின்க்ரனஸ்
வேறுபொழுதுத் தொடர்பாடல் – ஏசின்க்ரனஸ்

கிரேக்க மூலத்தில் ‘சின்’ என்றால் கூட, உடன். ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். ஆக ‘உடன்பொழுது’ மூலத்துக்கும் நெருக்கமாக அமைகிறது. ஆனால் எனக்குப் பெரிதாகப்படுவது, ‘உடன்’ என்பதற்குத் தமிழில் இருக்கும் இரட்டைப் பொருள். உடன்பிறப்பு, உடன்போக்கு என்பவற்றில் அது ‘சேர்ந்து’. ‘வந்தவுடன்’ என்பதில் ‘தாமதமில்லாமல்’. நேரில் பேசும்போது இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

‘காலம்’ ஏன் இல்லை என்று கேட்டவருக்கு: ‘சமகாலம்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது, ‘உடன்காலம்’ அதனோடு குழம்பும். ‘நேரம்’ போட்டால் ‘நேர்’, ‘நேரடி’, ‘நேரலை’ எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘பொழுது’ என்றாலே பொழுதுபோக்குதான் நினைவுக்கு வரும் என்ற கவலை எனக்கு இல்லை. சிறுபொழுது, பெரும்பொழுது என்று இலக்கணத்தில் கலைச்சொல்லாகவே நின்ற சொல் அது.

‘வேற்றுப்பொழுது’ என்றுதான் புணர வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேற்றுமொழி, வேற்றாள் என்பவற்றில் அந்த ‘வேற்று’ அந்நியத்தையும் கூட்டிவருகிறது. ‘வேறு நாள் வருகிறேன்’ என்பதில் அது இல்லை. எனக்கு வேண்டியது இரண்டாவது.

அப்புறம், இழையில் அதிகம் பேசப்பட்ட கேள்வி:

> கைபேசியில் இரண்டு பேரும் இணைப்பில் இருந்தபடி மாறி மாறித் தட்டுகிறார்கள். இது உடன்பொழுதா, வேறுபொழுதா? மூன்றாவது சொல் வேண்டாமா?

வேண்டாம் என்பேன். இந்த இரண்டு சொற்களும் கருவிக்கு உரியவை அல்ல, நிகழ்வுக்கு உரியவை. இதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ‘கடிதம் அது, தொலைபேசி இது’ என்று கருவிகளைப் பெட்டியில் அடைத்தால் வரலாறு நம்மைப் பொய்யாக்கிவிடும்.

1876-இல் தொலைபேசி வந்தது. 22 ஆண்டுகளில், 1898-இல், டென்மார்க்கின் வால்டெமர் பவுல்சன் குரலைக் காந்தக் கம்பியில் பதியும் கருவியைச் செய்துவிட்டார். ஆள் இல்லாதபோது வரும் அழைப்பைப் பதிந்து வைப்பது அவர் நினைத்த பயன்களில் ஒன்று. குரலும் வேறுபொழுதுக்குப் போயிற்று. இன்று நாம் அனுப்பும் குரல் செய்தி அதன் வழித்தோன்றல்.

எழுத்து எதிர்த்திசையில் போயிருக்கிறது. 1964-இல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காதுகேளாத இயற்பியலாளர், தொலைபேசிக் கம்பி வழியாக இரண்டு தட்டச்சுப் பொறிகள் பேசிக்கொள்ள வழி செய்தார். ஒருவர் தட்டத் தட்ட எதிர்முனையில் எழுத்துகள் விழும். 1973-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் இயங்கிய டாக்கோமேட்டிக் அரட்டையிலும் அப்படித்தான். ஒருவர் தயங்குவதும் அழிப்பதும் திருத்துவதும் எல்லோர் கண்முன்னும் நடக்கும். நம் கைபேசி இதை மறைத்து, ‘தட்டச்சு செய்கிறார்’ என்ற ஒரு வரியை மட்டும் காட்டுகிறது. அந்த வரி தோன்றி, மறைந்து, செய்தி எதுவும் வராமல் போகும்போது நாம் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோமே, அந்தக் கணம் உடன்பொழுது. கைபேசியை வைத்துவிட்டு எழுந்து போனால் அதே உரையாடல் வேறுபொழுது ஆகிவிடுகிறது. ஒரே இழையில் இரண்டும் வரலாம். மொழிபெயர்ப்பாளர் அந்தந்த வாக்கியத்துக்குத் தக்கபடி எழுதிக்கொள்ளலாம்.

எல்லை எங்கே என்று கேட்பீர்கள். வேகம் மட்டும் எல்லை ஆகாது. 1858-இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பியில் விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆனது. போனது மின்சாரம்தான், அனுபவம் கடிதத்தினுடையது. நேர்ப் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி, பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில், சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. நிலாவுக்குப் போகும் குரல் ஒருவழிக்கே 1.3 நொடி எடுக்கும். அங்கே உள்ளவரோடு சற்றுத் தட்டுத்தடுமாறியாவது பேசலாம். செவ்வாய்க்கு ஒருவழியே சுமார் 3 முதல் 22 நிமிடம். அங்கே போகிறவரோடு கடிதம்தான் எழுத முடியும், அது குரலாகவே இருந்தாலும். என் வரையறை இதுதான்: பதில் வரும்வரை சொன்னவர் அதே பேச்சிலேயே இருந்தால் உடன்பொழுது, பேச்சை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால் வேறுபொழுது.

நிரலாக்கத்துக்கு ‘ஒத்தியங்கா’ இருக்கட்டும். அதை நான் தொடவில்லை.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்குமுன் இந்தச் சொற்களைச் சில வரிகளில் போட்டுப் பார்த்தேன்.

‘இந்தப் பாடத்தை உடன்பொழுது வகுப்பாகவும் வேறுபொழுது வகுப்பாகவும் படிக்கலாம்.’

‘அவசரமில்லாத கேள்விகளை வேறுபொழுதில் கேளுங்கள்.’

‘குழுவின் பேச்சு உடன்பொழுதிலிருந்து வேறுபொழுதுக்கு மாறியதும் முடிவெடுக்க நாட்கள் ஆயின.’

முதலும் மூன்றும் என் காதுக்கு ஒத்துவருகின்றன. இரண்டாவது, ‘இப்போது வேண்டாம், அப்புறம் கேளுங்கள்’ என்று படிக்கிறவரை விரட்டுவது போலவும் ஒலிக்கிறது. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாற்றுச் சொல் தருகிறவர்கள் சொல்லை மட்டும் அனுப்பாமல், இந்த மூன்று வரிகளையும் அதை வைத்து எழுதி அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவியாக இருக்கும்.

அன்புடன்