பாஹியன் லென குரங்கு எலும்புகள்: மனிதன் தின்றதா, சிறுத்தை தின்றதா?

குறிஞ்சிவழி:
இலங்கையில் களுத்துறை மாவட்டத்தில் இருக்கும் பாஹியன் லென குகையில், சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு மனிதர்கள் குரங்கையும் மலையணிலையும் வேட்டையாடித் தின்றார்கள் என்கிறார்கள். 2019இல் வெளியான ஆய்வுக்கு 14,000க்கும் மேற்பட்ட எலும்பு, பல் துண்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். என் சந்தேகம் இதுதான். குகையில் குரங்கு எலும்பு கிடந்தால் சிறுத்தையோ கழுகோ கொண்டுவந்து போட்டதாக இருக்கக் கூடாதா? கருவி என்று காட்டுவதும் விரல் நகம் அளவு வெள்ளைக் கல் துண்டுகள்தான். தானாக உடைந்த கல்லையும் ஆள் உடைத்ததையும் எப்படிப் பிரிக்கிறார்கள்? மேசையில் வைத்து எதை முதலில் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலும்புப்பெட்டி:
சிறுத்தை, கழுகோடு முள்ளம்பன்றியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வளைக்குள் எலும்பை இழுத்து வைத்துக் கொறிக்கும். குகை எலும்பில் மறந்துபோகிற ஆள் அதுதான்.

10 மடங்கு கைலென்ஸ் போதும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து எலும்பை மெதுவாகச் சுழற்றுங்கள். கல் விளிம்பால் வெட்டிய கோடு குறுக்குவெட்டில் 'வி' வடிவில் இருக்கும், உள்ளே இழை இழையாக இணைகோடுகள் ஓடும். மூட்டைப் பிரிக்கிற இடத்திலும் தசை ஒட்டுகிற இடத்திலும் அது திரும்பத் திரும்ப வர வேண்டும். சிறுத்தைப் பல் குழி விழச்செய்யும், மென்மையான எலும்பு முனைகளை மென்று தின்றுவிடும். கழுகு மண்டையிலும் தோள்பட்டை எலும்பிலும் நகத்தால் துளைக்கும். முள்ளம்பன்றி கொறித்தால் அடி தட்டையான அகலப் பள்ளங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். வேர் அரித்தது புழு ஊர்ந்ததுபோல் நெளியும். மிதிபட்ட கீறல் மேலோட்டமாக, திசை ஏதுமின்றிக் கிடக்கும்.

கோட்டின் உட்புறம் எலும்பின் மேற்பரப்பைவிட வெளிறி இருந்தால் அது தோண்டியவரின் கரணை பட்ட காயம். இதைக் கவனிக்காமல் 'வெட்டுத்தடம்' என்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு.

கருகியிருப்பதை மட்டும் வைத்துச் சமைத்தார்கள் என்று எழுதக் கூடாது. அடுப்புக்குக் கீழே 5 செ.மீ. ஆழத்தில் புதைந்திருந்த பழைய எலும்பும் கறுத்துவிடும். வெட்டுத்தடம், காய்வதற்கு முன் பச்சை எலும்பில் விழும் சுருள் உடைவு, கருகல் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியில் சேர்ந்து வந்து, விலங்குப் பல்தடம் அரிதாக இருந்தால்தான் மனிதன் பக்கம் சாயலாம். பாஹியன் லென எலும்புகளின் நிலை அதுதான்.

கருக்கல்:
கல் பக்கத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளைக் கல் குவார்ட்ஸ், நம் ஊரில் வெங்கச்சங்கல். தொல்லை பிடித்த கல். சிக்கிமுக்கிக் கல்லைப்போல் சிப்பி வளைவாக உடையாது, உள்விரிசல் போன வழியே போகும். அதனால் கூழாங்கல்லை ஓர் அடைகல் மேல் நிறுத்தி, மேலிருந்து சுத்திக்கல்லால் அடிப்பார்கள். விசை இரு முனையிலிருந்தும் வரும், இரண்டு முனையும் நசுங்கியிருக்கும். கூரையிலிருந்து விழுந்து உடைந்த கல்லில் எதிரெதிர் முனைகளில் இப்படிச் சோடியாக நசுங்கல் இருப்பது அரிது.

ஒரு துண்டை மட்டும் பார்த்தால் பாதிக்குப் பாதி தப்பாகும். தொகுதியைப் பாருங்கள். சுத்திக்கல், கருக்கல் (செதில் உடைத்தெடுத்த பின் மிஞ்சும் கல்), செதில், பொடிச்சில்லு எல்லாம் ஒரே அடுக்கில் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து உடைத்திருக்கிறார்கள். 5 மி.மீ.க்கும் சிறிய சில்லுதான் இதில் முக்கியச் சாட்சி, ஏனென்றால் அதை யாரும் தூக்கிச் செல்வதில்லை. 10 மி.மீ. கண்ணிச் சல்லடையில் சலித்தால் அது மண்குவியலுக்குப் போய்விடும், அணில் பல்லும் கூடவே. 2 அல்லது 3 மி.மீ. கண்ணியில், களிமண்ணாக இருந்தால் தண்ணீர் ஊற்றிச் சலிக்க வேண்டும்.

இன்னொன்று, கூர்விளிம்பில் ஒட்டிய பிசின், இரத்தம் பார்க்கப்போகிற துண்டுகளைப் பிரஷ் போட்டுக் கழுவாதீர்கள். கையுறையோடு எடுத்துத் தனித்தனிப் பையில் போடுங்கள். ஒரே பையில் நாற்பது செதில் குலுங்கினால் விளிம்பில் புதுச் சிறு உடைவுகள் விழும், அதையே 'பயன்பாட்டுத் தேய்வு' என்று படித்துவிடுவோம்.

குறிஞ்சிவழி:
நன்றி. வயதுவந்த குரங்குகளே அதிகம் என்றும், அது தேர்ந்தெடுத்து வேட்டையாடியதைக் காட்டுகிறது என்றும் படித்தேன். குட்டி எலும்பு மக்கிப் போயிருக்கலாமே?

எலும்புப்பெட்டி:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். வயதை இரண்டு வழியில் பார்ப்பார்கள். நீள எலும்பின் முனை தண்டோடு ஒட்டிவிட்டதா என்பது ஒன்று, பல் முளைப்பும் தேய்வும் இன்னொன்று. குட்டி எலும்பு முதலில் மக்கும், ஆனால் பல் எனாமல் தாங்கும். ஆகவே எலும்புக் கணக்கில் குட்டி குறைந்து பால்பற்கள் நிறைய இருந்தால் அது மண் செய்த வேலை. பால்பல்லும் குறைந்தால்தான் தேர்வு என்ற பேச்சு.

எண்ணிக்கையிலும் ஏமாறக் கூடாது. செங்குரங்கின் இடது தொடை எலும்பு 7, வலது 5 இருந்தால் குறைந்தபட்சம் 7 குரங்கு, 12 அல்ல. ஒரே எலும்பு நான்காக உடைந்திருந்தால் துண்டுக் கணக்கு நான்கு காட்டும். எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் சதவீதத்தை ஒப்பிடாதீர்கள்.

மரத்தில் வாழும் வேகமான விலங்கைப் பிடிக்க எறியும் ஆயுதமோ பொறியோ வேண்டும். பாஹியன் லெனவில் ஆயுதமாகக் கூராக்கிய எலும்பு முனைகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன, பல குரங்கு எலும்பிலேயே செய்தவை. சிலவற்றில் மோதி நொறுங்கிய தடம் உண்டு. அதை வைத்து வில் அம்பு என்று 2020இல் எழுதினார்கள். வில்லோ மரத்தண்டோ கிடைக்கவில்லை, அது அளவும் உடைவும் பார்த்து எடுத்த முடிவு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது, ஆனாலும் 'வில் கிடைத்தது' என்று பகிராதீர்கள்.

மண்ணடுக்கு:
ஒன்று விட்டுப்போனது. இதெல்லாம் அடுக்கு கலையாமல் இருந்தால்தான். மேலே சொன்ன முள்ளம்பன்றி வளை தோண்டினால் 5,000 ஆண்டுப் பல் 40,000 ஆண்டு அடுக்கில் போய் உட்காரும். வளையின் மண் தளர்வாக, வேறு நிறத்தில் இருக்கும். அதைத் தனிப் பகுதியாக எண் போட்டு முதலில் காலி செய்துவிட்டுத்தான் சுற்றியுள்ள அடுக்கைத் தோண்ட வேண்டும். தேதிக்குக் கரித்துண்டு எடுக்கும்போது அடுப்புச் சாம்பலுக்குள்ளிருந்தே எடுங்கள், தனியாகக் கிடந்த கரி எங்கிருந்தும் வந்திருக்கலாம். கரியை வைத்து வயது பார்க்கும் ரேடியோகார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டோடு நின்றுவிடும், பாஹியன் லெனவின் அடி அடுக்கு அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகையால் கொஞ்சம் புதுக்கரி கலந்தாலும் தேதி ஆயிரக்கணக்கில் சரியும்.