புதுப்பிப்பு: மடிக்கணினித் திரை உத்தரவாதத்திலேயே மாற்றப்பட்டது
திரையின் இடப்புறம் பச்சைக் கோடுகள் விழுவதாகவும், புதுச்சேரியிலுள்ள சேவை மையம் அதை 'வெளி அழுத்தத்தால் நேர்ந்த சேதம்' என்று கூறி உத்தரவாதத்தை மறுத்ததாகவும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது கட்டணமின்றி மாற்றித் தந்துவிட்டார்கள். எச்டிஎம்ஐ வடத்தில் இணைத்த வெளித்திரையில் படம் தெளிவாக இருந்ததையும், விண்டோஸ் தொடங்குமுன் பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகளுக்கான) பக்கத்திலேயே கோடுகள் தெரிந்ததையும், கண்ணாடியில் விரிசலே இல்லாததையும் காணொளியாக எடுத்து, பழுது மென்பொருளில் அல்ல, திரையில்தான், அழுத்தத்தின் தடயமும் இல்லை என்று காட்ட அனுப்பி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருமாறு மின்னஞ்சலில் கேட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதிவு செய்தேன். எது வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. எழுத்தில் கேட்டதும் பேச்சின் தொனி மாறியது மட்டும் உண்மை. புதிய திரையின் விளிம்புச் சட்டம் ஒரு மூலையில் சற்றே தூக்கியிருந்ததால், அதை அங்கேயே அழுத்திப் பொருத்தச் செய்து, வெள்ளை, கறுப்புப் பின்னணிகளில் ஒளிராத புள்ளிகள் உள்ளனவா என்று பார்த்த பிறகே பணிச்சீட்டில் கையெழுத்திட்டுக் கடலூருக்குப் பேருந்து ஏறினேன்.